மோட்ச பிரயாணம்: பெயர் மாறிய பயணியும் அவன் கண்ட அடையாளமும்

மோட்ச பிரயாணம் என்று தமிழ்க் கிறித்தவர்களிடையே அறியப்படும் நூல், ஆங்கிலப் போதகரும் எழுத்தாளருமான ஜான் பனியன் (1628–1688) எழுதிய உருவகக் கதை. இதன் முதற்பாகம் 1678ஆம் ஆண்டிலும் இரண்டாம் பாகம் 1684ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அழிவின் நகரத்தில் பிறந்த ஒரு மனிதன், முதுகில் பெருஞ்சுமையுடன் புறப்பட்டு, பல இடர்களைக் கடந்து வானக நகரத்தை அடைவதே கதை. கிறித்தவ உலகில் விவிலியத்துக்கு அடுத்தபடியாக மிகப் பலர் வாசித்த நூல்களுள் இதுவும் ஒன்று.

'நான் யார்?', 'எதற்காக வாழ்கிறேன்?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் கடவுளோடு கொள்ளும் உறவிலேயே விடை இருக்கிறது என்பது கிறித்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. பனியன் அந்த நம்பிக்கையைக் கொள்கையாக விளக்காமல், ஒரு வழிப்போக்கனின் அனுபவமாக்கிக் காட்டுகிறார். அந்த விடை கதையில் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே வாசகரை உறுத்துகிறது என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பாத்திரங்களின் பெயர்கள் பொருள் விளங்கும்படி தமிழில் தரப்பட்டுள்ளன.

ஆசிரியரும் சூழலும்

பனியன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வீடு வீடாகச் சென்று உலோகப் பாத்திரங்களைப் பழுது பார்ப்பவர். மகனும் அதே தொழிலைச் செய்தார். உயர்கல்வி பெறாதவர். உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படையில் சில காலம் பணியாற்றினார். திருமணத்துக்குப் பின் கடுமையான மனப் போராட்டத்துக்கு உள்ளானார். தான் மீட்கப்பட்டவனா, கைவிடப்பட்டவனா என்ற கேள்வி அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. இந்தப் போராட்டத்தை 1666இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

1660இல் மன்னராட்சி மீண்டும் வந்தபோது, அரசுத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் போதித்த குற்றத்துக்காகப் பனியன் கைது செய்யப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று வாக்களித்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் வாக்களிக்கவில்லை. ஏறத்தாழ 12 ஆண்டுகள் பெட்ஃபோர்டு சிறையில் கழிந்தன. வெளியே இளம் மனைவியும், பார்வையற்ற மூத்த மகள் உட்பட நான்கு குழந்தைகளும் இருந்தனர். சிறையில் நாடாக்கள் முடைந்து விற்று அவர்களுக்குப் பணம் அனுப்பினார். இந்தப் பின்னணி தெரியாமல் நூலை வாசிப்பவர், அதன் மிகக் கடினமான காட்சியைத் தவறாகப் புரிந்துகொள்ள நேரும்.

கதைச் சுருக்கம்

கந்தல் உடுத்திய ஒருவன் கையில் ஒரு புத்தகத்துடன் நிற்கிறான். அவன் முதுகில் சுமை. தன் ஊர் அழியப் போகிறது என்று அந்தப் புத்தகத்தில் படித்து அழுகிறான். வீட்டார் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணி, தூங்கினால் தெளியும் என்று படுக்க வைக்கிறார்கள். நற்செய்தியாளர் என்பவர் வழிகாட்ட, அவன் புறப்பட்டு ஓடுகிறான். அவநம்பிக்கைச் சேற்றில் விழுகிறான். உலக ஞானி என்பவரின் பேச்சில் மயங்கி வழி தவறுகிறான். பின் குறுகிய வாசலில் நுழைந்து சிலுவையடியை அடைகிறான். அங்கே சுமை கழன்று விழுகிறது. தொடர்ந்து கடினமலை, அப்பொல்லியோனுடன் போர், மரண நிழலின் பள்ளத்தாக்கு, மாயச் சந்தை, சந்தேகக் கோட்டை ஆகியவற்றைக் கடக்கிறான். முதலில் உண்மையுள்ளவனும், அவன் இரத்த சாட்சியாக மடிந்தபின் நம்பிக்கையாளனும் வழித்துணையாகிறார்கள். பாலமில்லாத ஆற்றைக் கடந்து வானக நகரத்தில் நுழைவதோடு முதற்பாகம் முடிகிறது.

பெயர் மாற்றம்

இக்கதையில் பெயர்களே குணங்கள். பிடிவாதன் பிடிவாதமாகவே இருக்கிறான். எதற்கும் இணங்குபவன் முதல் இடர் வந்ததும் வீடு திரும்பிவிடுகிறான். வாயாடி கடைசிவரை வாயாடிதான். கதைத் தலைவனுக்கு மட்டும் பெயர் மாறுகிறது. அழகிய மாளிகையின் வாயிற்காவலன் பெயர் கேட்கும்போது, இப்போது தன் பெயர் கிறிஸ்தியான் என்றும், முதலில் அருளற்றவன் என்பதே தன் பெயர் என்றும் அவன் சொல்கிறான்.

போகிற போக்கில் வரும் இந்தச் சிறு உரையாடலில் நூலின் மையக் கருத்து அடங்கியுள்ளது. ஆசிரியர் கதையின் தொடக்கத்தில் அவனை 'ஒரு மனிதன்' என்று மட்டுமே அறிமுகம் செய்கிறார். அவனுடைய குலம், தொழில், செல்வம் எதுவும் சொல்லப்படவில்லை. புதிய பெயரும் அவன் சாதித்துப் பெற்ற பட்டமாக வரவில்லை. கிறிஸ்துவைச் சேர்ந்தவன் என்பதே அதன் பொருள். அதாவது, 'நான் யார்?' என்ற கேள்வியைப் பனியன் 'நான் யாருக்கு உரியவன்?' என்று மாற்றிக் கேட்கிறார்.

தமிழ் வாசகருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. வைணவத்தில் ஆசாரியனிடம் பெறும் பஞ்ச சமஸ்காரத்தில் தோளில் இலச்சினையும், நெற்றியில் திருமண்காப்பும், 'தாசன்' என்று முடியும் புதுப் பெயரும் உண்டு. அடியவன் தன்னை ஆண்டவனின் உடைமையாக அறிவதே அதன் உட்பொருள். கிறிஸ்தியானும் சிலுவையடியில் ஒளியுடையோர் மூவரைச் சந்திக்கிறான். ஒருவர் பாவ மன்னிப்பை அறிவிக்கிறார். மற்றவர் கந்தலைக் களைந்து புத்தாடை தருகிறார். மூன்றாமவர் நெற்றியில் அடையாளம் இட்டு, முத்திரையிட்ட சுருள் ஒன்றைக் கொடுக்கிறார். 'அடையாளம்' என்ற தமிழ்ச்சொல்லுக்குக் குறி என்றும், ஒருவர் இன்னார் என்று காட்டுவது என்றும் இரு பொருள்கள் உண்டு. இக்காட்சியில் இரண்டும் ஒன்றாகின்றன.

ஆனால் இவ்விரு மரபுகளுக்கும் இடையே ஒரு வேறுபாட்டையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பஞ்ச சமஸ்காரத்தில் குருபரம்பரையின் வழியாக அடையாளம் வருகிறது. பனியனிடம் திருச்சபையோ குருவோ அதை வழங்குவதில்லை. மனிதன் தனியாகச் சிலுவையின் முன் நிற்கிறான். அரசுத் திருச்சபையை மறுத்துச் சிறை சென்றவரின் நூலில் வேறு விதமாக இருக்க முடியாது.

சுமை எங்கே விழுகிறது?

சுமையை இறக்க உலக ஞானி ஓர் எளிய வழி சொல்கிறார். அருகில் ஒழுக்கபுரம் என்ற ஊர் உண்டு. அங்கே சட்டநெறியாளர் என்ற பெரியவர் இருக்கிறார். நல்ல அண்டை வீட்டாரோடு நியாயமான விலையில் நிம்மதியாக வாழலாம். இது தீயவனின் ஆசை வார்த்தை போலத் தோன்றாது. இன்றும் பெரும்பாலான நல்ல மனிதர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை இதுதான்: ஒழுங்காக இரு, நாலு பேர் மதிக்கும்படி வாழ்.

கிறிஸ்தியான் அந்த வழியில் செல்லும்போது சுமை முன்னிலும் கனக்கிறது. மலை தலைமேல் சாய்வதுபோல் அச்சம் எழுகிறது. பனியன் ஒழுக்கத்தைப் பழிக்கவில்லை. ஒழுக்கத்தால் மட்டும் தன் மதிப்பை நிறுவ முயல்பவன், ஒவ்வொரு நாளும் தன்னை மீண்டும் நிரூபிக்க வேண்டியிருக்கும் என்கிறார். சிலுவைக் காட்சி இதற்கு எதிரிடை. அங்கே அவன் எதுவும் செய்வதில்லை. முடிச்சை அவிழ்ப்பதும் இல்லை, தள்ளிவிடுவதும் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே சுமை தானாகக் கழன்று உருண்டு, கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. சில வரிகளில் முடிந்துவிடும் காட்சி இது. உணர்ச்சியைக் கொட்டி நீட்டக்கூடிய இடத்தில் பனியன் காட்டும் அடக்கம் நூலின் சிறப்புகளுள் ஒன்று.

அப்பொல்லியோனின் வழக்கு

அடையாளம் பற்றிய விவாதம் உச்சம் பெறுவது தாழ்மைப் பள்ளத்தாக்கில். அப்பொல்லியோன் என்ற கொடிய உருவம் வழிமறிக்கிறது. அது முதலில் வாளை எடுக்கவில்லை, வழக்கு உரைக்கிறது. நீ என் ஆட்சிப் பகுதியில் பிறந்தவன், ஆகவே என் குடிமகன் என்கிறது. பிறப்பால் வரும் அடையாளத்தை யாரும் மாற்ற முடியாது என்பதே அதன் வாதம். இந்த வாதம் எடுபடாதபோது அடுத்த வாதத்தை வைக்கிறது: புதிய எஜமானுக்கும் நீ உண்மையாக இல்லை. சேற்றில் மனம் தளர்ந்தாய், தூங்கிச் சுருளைத் தொலைத்தாய், சிங்கங்களைக் கண்டு திரும்பிவிடப் பார்த்தாய், செய்வதிலெல்லாம் உள்ளூரப் புகழை விரும்பினாய்.

கிறிஸ்தியான் இவற்றில் எதையும் மறுக்கவில்லை. எல்லாம் உண்மை, நீ சொல்லாமல் விட்டவையும் இன்னும் உண்டு, ஆனால் நான் வணங்கும் அரசர் மன்னிக்கிறவர் என்ற பொருளில் பதில் சொல்கிறான். தன் தகுதியில் நின்று வழக்காடியிருந்தால் அவன் தோற்றிருப்பான். தன்னைப் பற்றிய குற்றப் பட்டியல் முழுவதையும் ஒப்புக்கொண்ட பிறகும் குலையாமல் நிற்பதே உண்மையான அடையாளம் என்று இக்காட்சி உணர்த்துகிறது. தேர்வு மதிப்பெண்ணிலோ, வேலையிலோ, பிறர் பாராட்டிலோ தம் மதிப்பைத் தேடி அலைபவர்கள் இந்த இடத்தில் நின்று சிந்திக்கலாம். அவர்கள் கிறித்தவர்களாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்து வரும் மரண நிழலின் பள்ளத்தாக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு தீய ஆவி பின்னால் வந்து, கடவுளைப் பழிக்கும் சொற்களை அவன் காதில் முணுமுணுக்கிறது. அவை தன் மனத்திலிருந்தே எழுந்தவை என்று கிறிஸ்தியான் நம்பித் துயரப்படுகிறான். மனத்தில் எழும் எண்ணம் எல்லாம் 'நான்' ஆகிவிடாது என்ற இந்தப் பாகுபாடு, ஆசிரியர் தம் போராட்டத்தில் பெரும் விலை கொடுத்துக் கற்றது. மனச்சோர்வில் தவிப்பவர்களுக்கு இப்பகுதி இன்றும் ஆறுதல் தரும்.

மாயச் சந்தை

நோக்கம் பற்றிய கேள்வியைப் பனியன் சந்தையில் வைத்து எழுப்புகிறார். மாயச் சந்தை ஆண்டு முழுவதும் நடக்கிறது. வீடு, நிலம், தொழில், பட்டம், பதவி, நாடு, இன்பம், கணவன், மனைவி, பிள்ளைகள் வரை அங்கே எல்லாம் விற்பனைக்கு உண்டு. உறவுகளும் விலைப் பட்டியலில் இருப்பது கவனிக்கத்தக்கது. பயணிகள் இருவரும் உடையாலும் பேச்சாலும் வேறுபட்டுத் தெரிகிறார்கள். ஆனால் ஊரார் கோபத்தை மிகுவிப்பது, அவர்கள் எதையும் வாங்காமல் கடப்பதுதான். எதை வாங்குவீர்கள் என்று கேட்டால், உண்மையை வாங்குவோம் என்கிறார்கள். அதற்காகக் கூண்டில் அடைக்கப்படுகிறார்கள். உண்மையுள்ளவன் விசாரிக்கப்பட்டுக் கொல்லப்படுகிறான்.

நீதிபதி, சாட்சிகள், நடுவர் குழு என்று நீளும் அந்த விசாரணை, பனியன் தாமே குற்றவாளிக் கூண்டில் நின்று கண்டது. அங்கதம் நிறைந்த இப்பகுதியை ஓர் அரசியல் விமரிசனமாகவும் வாசிக்க முடியும். போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருப்பவனை விளம்பரம் எளிதில் ஆட்கொள்ளாது என்ற கருத்து, இன்று கைப்பேசித் திரையிலேயே நாள் முழுவதும் சந்தை நடக்கும் காலத்தில் மேலும் பொருந்துகிறது.

உறுத்தும் இரண்டு இடங்கள்

நூலின் வலிமையைச் சொல்வதோடு விமரிசனம் முடிந்துவிடாது. இரண்டு இடங்கள் மனசாட்சியுள்ள எந்த வாசகரையும் உறுத்தும்.

முதலாவது, புறப்பாடு. மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூவி அழைக்கிறார்கள். கிறிஸ்தியான் விரல்களால் காதுகளை அடைத்துக்கொண்டு, வாழ்வு, நித்திய வாழ்வு என்று கத்தியபடி ஓடுகிறான். கடவுளோடு உறவு கொள்ளப் பெற்ற பிள்ளைகளின் குரலைக் கேளாதிருக்க வேண்டுமா? கட்டியவளைக் கைவிட்டுப் பெறும் அடையாளம் என்ன அடையாளம்? பனியனுக்கும் இது தெரிந்தேயிருக்கிறது. அழகிய மாளிகையில் அன்பு என்ற பெண், குடும்பத்தை ஏன் அழைத்து வரவில்லை என்று கிறிஸ்தியானைக் கேட்கிறாள். அவன் அழுகிறான். கெஞ்சினேன், வரவில்லை என்கிறான். பார்வையற்ற மகளைப் பிரிந்திருந்த வேதனையைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிய அதே கைதான் இந்தக் காட்சியையும் எழுதியது. காதை அடைத்த விரல்கள் கல்நெஞ்சத்தைக் காட்டுவதாகக் கொள்ள இயலாது. கேட்டால் திரும்பிவிடுவோம் என்ற அச்சத்தைக் காட்டுவதாகவே கொள்ள வேண்டும். இந்த விளக்கம் காட்சியின் கடுமையைக் குறைக்குமே தவிர, முற்றிலும் போக்கிவிடாது.

இரண்டாவது, அறியாமை என்ற இளைஞனின் முடிவு. அவன் குறுகிய வாசல் வழியாக வராமல் குறுக்குப் பாதையில் வந்தவன். நன்றாக வாழ்ந்தேன், கடன் வைக்கவில்லை, நோன்பிருந்தேன், அது போதும் என்று நம்புகிறவன். ஆற்றையும் படகில் எளிதாகக் கடந்துவிடுகிறான். வாசலில் சுருளைக் கேட்கும்போது மடியைத் துழாவுகிறான், ஒன்றும் இல்லை. அவனைக் கட்டி நரகத்தில் தள்ளுகிறார்கள். விண்ணக வாசலிலிருந்தும் நரகத்துக்கு ஒரு வழி உண்டு என்பதைக் காட்டியபின்தான் கனவு கலைகிறது. கோட்பாட்டின்படி இது சரியாக இருக்கலாம். ஆயினும் வாசகர் மனம் வாசலில் மடியைத் துழாவும் அந்த இளைஞனிடமே தங்கிவிடுகிறது. மன்னிக்கிறவர் என்று அப்பொல்லியோன் முன் அறிவிக்கப்பட்ட அரசரின் இரக்கம் இங்கே ஒரு சான்றிதழாகச் சுருங்கிவிடுகிறது. நூலின் மிகப் பலவீனமான இடம் இதுவே எனலாம்.

இரண்டாம் பாகம்: சேர்ந்து நடத்தல்

ஆறு ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் பாகம் முதல் உறுத்தலுக்குப் பனியன் தந்த பதில். கிறிஸ்தியானின் மனைவி கிறிஸ்தியானாள், நான்கு மகன்களோடும் இரக்கம் என்ற இளம்பெண்ணோடும் புறப்படுகிறாள். பெருமனத்தன் என்ற வீரன் துணை வருகிறான். ஊன்றுகோலில் நடப்பவன், மனம் நலிந்தவன், மிகவும் அஞ்சுகிறவள் ஆகியோரும் வழியில் சேர்ந்துகொள்கிறார்கள். நலிந்தவர்களுக்கு ஏற்றபடி மற்றவர்கள் தம் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். இலக்கியச் செறிவில் முதற்பாகத்துக்கு இது ஈடாகாது. ஆனால் தனி மனிதன் கடவுளிடம் காணும் அடையாளம் பிறரைத் தாங்கும் உறவாக வளராவிட்டால் முழுமையடையாது என்ற உண்மை இதில்தான் வெளிப்படுகிறது. முதற்பாகத்தை மட்டும் படித்து நிறுத்திக்கொள்பவர்கள் பனியனைப் பாதியே அறிந்தவர்கள்.

தமிழில்: இரட்சணிய யாத்திரிகம்

இந்நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களுள் புகழ்பெற்றது. நற்போதகம் என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. திருநெல்வேலிப் பகுதியில் கரையிருப்பு என்ற ஊரில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆக, புறப்பாட்டுக் காட்சியின் வலியை அவரும் வாழ்ந்து அறிந்தவர்.

அவர் செய்த முக்கிய மாற்றம், குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடியது. பனியனின் வாசகர்கள் அக்கதையைச் சிறுவயது முதலே அறிந்தவர்கள். தமிழ் வாசகர் பலருக்கு அது புதிது. கடவுளோடு உறவு என்றால், அந்தக் கடவுள் யார், என்ன செய்தார் என்பது முதலில் தெரிய வேண்டுமல்லவா? மேலும், காப்பியத்தின் இடையிடையே தேவாரப் பாங்கில் இசைப்பாடல்களை அமைத்தார். பனியனின் பயணி கடவுளைப் பற்றி மிகுதியாகப் பேசுகிறான்; கடவுளோடு நேராகப் பேசுவது குறைவு. அந்தக் குறையைத் தமிழ்ப் பக்தி மரபு நிறைவு செய்தது. கம்பனில் தோய்ந்த நடைக்காக 'கிறித்தவக் கம்பர்' என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணபிள்ளை, சமயம் மாறியபோது தம் தமிழை விட்டுச் செல்லவில்லை. புதிய அடையாளம் பழையவற்றுள் சிறந்ததைச் சுமந்து செல்ல முடியும் என்பதற்கு அக்காப்பியமே சான்று.

மதிப்பீடு

கடவுளோடு கொண்ட உறவு மனிதனுக்கு மூன்றைத் தருவதாக மோட்ச பிரயாணம் காட்டுகிறது: தகுதியால் வராத ஒரு பெயர், குற்றச்சாட்டுகளுக்கு நடுவிலும் நிற்கும் துணிவு, சந்தையில் விலைபோகாத ஒரு நோக்கம். அது ஐயத்தை நீக்கித் தருவதாகச் சொல்லவில்லை. சிலுவையைக் கண்டு வெகுகாலம் ஆனபின்னும் கிறிஸ்தியான் சந்தேகக் கோட்டையில் அடைபடுகிறான். அதைத் திறக்கும் வாக்குறுதி என்னும் சாவி தன் மடியிலேயே இருந்ததைப் பல நாள் மறந்திருக்கிறான். கடைசி ஆற்றிலும் மூழ்கப் போகிறான். நம்பிக்கையாளன் தலையை உயர்த்திப் பிடித்துக் கரை சேர்க்கிறான்.

தனியாகக் காதை அடைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியவன், இன்னொருவர் கையைப் பற்றியே கரையேறுகிறான். நூலின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துப் படிக்கும் மாணவர், கடவுளிடம் தன்னைக் கண்டுகொண்டவன் அயலானின் தோளையும் கண்டுகொள்கிறான் என்பதை உணர்வார். அந்த அளவில் இந்நூல் தன் காலத்தின் கடுமையைத் தாண்டி நிற்கிறது.